மெமரிய ரப்பரால தேய்ச்சவ

…ரப்பராக்கும் மக்கா, ரப்பர். பிள்ளைய பென்சில்ல எழுதினத அழிக்குத ரப்பர். அத வெச்சு கம்பூட்டருக்க மெமரிய எடுத்துப் போட்டு தேய்க்கா. எனக்க ரெண்டு கண்ணால பாத்ததாக்கும். கேட்டா, சார் இதுல களிம்பு புடிச்சிருக்கு, தேய்ச்சா சரியாவும்னு சொல்லுதா. களிம்பு புடிக்க இது என்ன, குத்துவிளக்கா?

இரி, இரி. அந்தக் கசேரல இரி. ஃபேன் பக்கமா போவண்டாம், அது கறங்காது. நீ ஜினுதானே? நெய்யாற்றின்கரையில உனக்க மொதலாளி போன்ல சொன்னாரு… ஜினுன்னு ஒருத்தன் வருவான், அதிகம் மிண்ட மாட்டான், ஆனா வேல தெரிஞ்சவன்னு. மிண்டாதது நல்லது மக்கா. போன மாசம் ஒருத்தன் வந்தான், சளசளன்னு ஒரே பேச்சு. எனக்கு பேசுதவன கண்டா ஆவாது.

இதாக்கும் கம்பூட்டர். இந்த பனச்சமூட்டுல முதல்ல வந்த கம்பூட்டர் இதுதான். கீழ போர்டு பாத்தியா, தாஸ் கம்பூட்டர் சென்டர்னு? மூணு பாஷையில எழுதி இருக்கும். தாஸ்னா நான்தான், ரெத்தினதாஸ். சவுதியில தமாம்ல பதினோரு வருஷம் இருந்தவன். ஸ்டோர் கீப்பர். ஆனா எலெக்ட்ரிக் சாமானம் எல்லாம் எனக்க கைவழியா போனதாக்கும். அதுனால கறண்டு விஷயம் எனக்கு நீ ஒண்ணும் சொல்லித் தரண்டாம். நீ திருக்கு, நீ பாட்டுக்கு ஸ்க்ரூவ திருக்கு. நான் கேசு என்னன்னு சொல்லுதேன்.

இங்கோடி வா, ஜன்னல்ல எட்டிப் பாரு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பு. மஞ்ச சுரிதாரு, கையில ஃபைலு. அவதான் பிரசீதா. திருப்புறத்துக்காரி. ரெண்டு வருஷமா இங்க பிள்ளையளுக்கு கம்பூட்டர் படிப்பிச்சவ. இன்னைக்கு ரெண்டு மணிக்கு அவளுக்கு திருவனந்தபுரத்துல ஒரு கம்பெனியில இண்டர்வியூ. ரெண்டு வருஷம் வேல பாத்தேன்னு நான் ஒரு பேப்பர் எழுதிக் குடுக்கணும். அது இல்லேன்னா உள்ளயே விடமாட்டானாம். நான் குடுக்கல்ல. இன்னைக்கு காலத்த இன்னும் ஒருக்கா வந்து கேட்டா. நான் சொன்னேன், மெக்கானிக் வாறான், அவன் பாத்து என்ன சொல்லுதானோ அத எழுதுவேன், நீ கெடுத்ததுன்னா கெடுத்ததுன்னு எழுதுவேன்னு. சரி சார்னு சொல்லிட்டு அங்க போய் நிக்கா. பதினொண்ணு இருவதுக்கு பஸ்ஸு. அப்போ நீ பாத்து சொல்லு மக்கா. எனக்கு நியாயம் வேணும், அவ்வளவுதான்.

நடந்தது என்னன்னா… ஓணம் முடிஞ்ச பெறவு தொடங்கினது. சவம், நல்லா ஓடிட்டு இருக்கும், திடீர்னு நிக்கும். எலிய புடிச்சு அசைச்சாலும் அம்பு அசையாது. அணைச்சுப் போட்டா பீப் பீப் பீப்னு கரையும். கரஞ்சிட்டு கறுத்த ஸ்க்ரீனு. பிள்ளைய எல்லாம் சிரிக்கும். நான் பிரசீதாட்ட சொன்னேன், மோளே, பக்கத்துல குட்டப்பன் வெல்டிங் கடை வெச்சிருக்கான்லா, அவன் கம்பி ஒட்டும்போ கறண்ட எல்லாம் அவன் உறிஞ்சி எடுக்குதான், அதாக்கும்னு. குட்டப்பன்ட்டயும் போய் கேட்டேன். அவன் சொல்லுதான், அண்ணே, நான் மூணு மாசமா காஞ்சிரங்குளத்துல ஒரு பள்ளிக்க இரும்பு கேட்டு வேலைக்கு போறேன், கடை பூட்டிக் கெடக்கு, காணல்லியான்னு. பூட்டித்தான் கெடக்கு. ஆனாலும் அவன நம்பக்கூடாது.

அப்போதான் இவ ரப்பர எடுத்தா. மூடிய தொறந்து, மெமரிக் கட்டை ரெண்டையும் பல்லு பிடுங்குதது மாதிரி பிடுங்கி, அந்த பொன்னு நெறத்து ஓரம் உண்டுல்லா, அதப் போட்டு தேய்க்கா. நான் கத்தினேன். அவ கேக்கல்ல. தேய்ச்சு, ஊதி, திரும்ப மாட்டினா.

ஓடிச்சு. ஓடாமலா… ரெண்டு மாசம் ஓடிச்சு. அத விடு. கெட்டுப்போவுத சாமானம் கெட்டுப்போவுததுக்கு முன்ன கொஞ்ச நாள் நல்லா ஓடும், அது தமாம்ல நான் எத்தற பாத்தது.

பின்ன இந்த திங்கக்கிழம. காலத்த ஒம்பது மணி. நாலு பிள்ளைய வந்து இருக்கு, நான் இந்த வாசல்ல நிக்கேன். பிரசீதா வாறா, பேக வைக்கா, பட்டன அமுக்குதா. டம்முன்னு ஒரு சத்தம். கோழி மயிர் கரிஞ்ச மாதிரி ஒரு நாத்தம், பொறத்த இருந்து புகை. பிள்ளைய எல்லாம் வெளிய ஓடிச்சு. பதினோரு வருஷ சம்பாத்தியத்துல வாங்கினதாக்கும் மக்கா. நான் என்ன சொன்னேன்னு எனக்கே முழுசா ஓர்ம இல்ல. ரப்பர் வெச்சு தேய்ச்சு தேய்ச்சு கொன்னுட்டியேன்னு சொன்னேன். வேல தெரியாதவன்னு சொன்னேன். அந்த நாலு பிள்ளையளுக்க முன்னாலதான். அவ அழல்ல. பேக எடுத்துட்டு போனா. வீட்டுல எனக்க பெண்டாட்டி ரத்னபாய், அவளும் அண்ணையில இருந்து எனட்ட மிண்டல்ல. சோறு வைப்பா, மிண்ட மாட்டா.

அது என்னது, கம்பூட்டருக்கு கறண்டு குடுக்குத பவர் பெட்டியா, நீ கொண்டு வந்ததா? வெளிய வெச்சே ஒயர மாட்டி பாக்குதியா? பாரு, பாரு. இப்போ தெரியும்.

ம்… கறங்குது. உனக்க பெட்டிக்க ஃபேன் கறங்குது. கேட்டியா, பீப் பீப்… கரையுது கேட்டியா? மெமரி போச்சுல்லா? நான் சொன்னேன்லா? இத நீ ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டுத் தா, தேய்ச்சு கெட்டதுன்னு. மெமரி தேய்மானம்னு போடு.

என்ன, கழத்துதியா? கழத்து. பையில இருந்து என்னத்த எடுக்க?

…ரப்பரா?

நீயும் ரப்பரா மக்கா? உனக்க கடையில இதுக்குன்னு மருந்து ஒண்ணும் இல்லியா? சரி, தேயி. தேயி. நான் ஒண்ணும் சொல்லல்ல. அவளும் இப்படித்தான், அறம்பறமா தேய்க்க மாட்டா, ஒரு பக்கமாத்தான்… ஊதவும் செய்வா. ஆமா, இப்படித்தான் ஊதினா.

வந்துட்டு. எண்ணுது பாரு, மெமரிய எண்ணுது. முழுசும் இருக்கா? ரெண்டு கட்டையும் நல்லதா? ஈரக்காத்து பட்டு களிம்பு புடிக்குததா… எல்லா இடத்துலயும் இப்படித்தான் செய்வியளா? ம்.

சரி, அது போவட்டு. மெமரி விட்டாச்சு. அந்த ரப்பர் காரியம் நான் வாபஸ் வாங்குதேன். ஆனா பவர் பெட்டி வெடிச்சது வெடிச்சதுதானே? பட்டன அமுக்கினது அவதானே? அத சொல்லு.

என்னத்த காட்டுத? பழைய பெட்டிக்க பொறத்தயா? கரிஞ்சிருக்கு, அது எனக்கும் தெரியும். கீழயா? ஓ, இந்த செவப்பு ஸ்விட்சா. இது எனக்கு தெரியாதுன்னா நெனச்ச? இது பிள்ளைய தொடப்பிடாத ஸ்விட்சு. ஒரு பக்கம் தள்ளினா இருநூத்தி முப்பது, மத்த பக்கம் தள்ளினா நூத்தி பதினஞ்சு. இத இந்த ஊருல ஒருத்தனுக்கும் தெரியாது. எனக்கு தெரியும். தமாம்ல எங்க கேம்புல நூத்திப்பத்து கறண்டாக்கும், நான் கொண்டு வந்த துணி தேய்க்குத தேப்புப்பெட்டியிலயும் இதே ஸ்விட்சு உண்டு. இந்த ஊரு வோல்டேஜ் உனக்கு தெரியுமா? நாம லைனுக்க கடைசியில கெடக்கோம். சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா டியூப்லைட்டு கண்ணு சிமிட்டிட்டே கெடக்கும். நான் மீட்டர் வெச்சு பாத்தேன், நூத்தி நாப்பது, நூத்தி அம்பது. நாம கேரளாவுல, நாலு எட்டு வெச்சா தமிழ்நாடு, அங்க லைட்டு ஜகஜோதியா எரியுது. ஒரு ஒயர இழுத்து ரோட்ட தாண்டி போட்டா என்னன்னு கூட யோசிச்சேன், ரெண்டு சர்க்காரும் சேந்து வந்து புடிப்பானுவன்னு விட்டேன்.

அப்போ நீயே கணக்கு பாரு. நூத்தி நாப்பதுங்கது இருநூத்தி முப்பதுக்கு பக்கமா, நூத்தி பதினஞ்சுக்கு பக்கமா? அதாக்கும். அதுனால சாயங்காலம் ஆனா நான் இத நூத்தி பதினஞ்சுல தள்ளி வைப்பேன். ஜம்முன்னு ஓடும், நிக்காது. காலத்த வோல்டேஜ் ஏறும், அப்போ மறக்காம திரும்ப இருநூத்தி முப்பதுல தள்ளணும். மறந்தா பெட்டி வெடிச்சிரும். அது கொச்சு பிள்ளைக்கு கூட…

இப்போ எதுல நிக்கு?

அத இங்க தா. கண்ணாடி எங்க… நூத்தி பதினஞ்சு.

இல்ல, அது நீ கழத்தும்போ நவுந்திருக்கும். நவுராதா? ஸ்க்ரூ ட்ரைவர் வெச்சு தள்ளினாத்தான் நவுருமா? ஆமா, நானும் ஸ்க்ரூ ட்ரைவர் வெச்சுத்தான் தள்ளுவேன்.

ஞாயிறாச்ச சாயங்காலம் சர்ச்சு மீட்டிங் முடிஞ்சு நான் இங்க வந்தேன். வேல ஒண்ணும் இல்ல. கம்பூட்டர்ல ஒரு சீட்டுக்களி உண்டு, ஒத்தையில இருந்து களிக்குதது. வீட்டுல சீட்ட கண்டா ரத்னபாய் அடுப்புல போடுவா, அதுனால இங்க வந்து களிப்பேன். எல்லா நாளும்தான். அண்ணைக்கு ஆட்டம் சேருத நேரத்துல கறண்டு போச்சு. எனக்கு அரிசம் வந்து, சொவருல உள்ள ஸ்விட்ச மட்டும் அணைச்சிட்டு, இத அப்படியே போட்டு பூட்டிட்டுப் போயிட்டேன்.

பிரசீதா முன்னமே அடிக்கடி சொல்லுவா மக்கா… சார், பொறத்த உள்ள ஸ்விட்ச தொடாதீங்கோ, பெட்டிக்கு கேடுன்னு. நான் சொல்லுவேன், நீ தமாம் கண்டிருக்கியான்னு.

மக்கா ஜினு. ஒரு காரியம் செய்யலாம். இடி வெட்டினதுன்னு சொல்லலாம். நீ சொல்லு, அவட்ட போய் சொல்லு… இடி வெட்டி போனதாக்கும், யாருக்க குத்தமும் இல்லேன்னு. என்ன பாக்க? மகர மாசத்துல இடி வெட்டப்பிடாதுன்னு சட்டம் உண்டா? சரி, சரி. ஜன்னல் வழியா மானத்த ஒண்ணும் பாக்கண்டாம். நீ உனக்க ஸ்க்ரூவ பெறக்கு. எனக்கு தெரியும். நான் முட்டாளாக்கும், அவ்வளவுதான். ரெண்டு வருஷமா ஒரு நாளு பிந்தி வராத பிள்ள. அவள அந்த நாலு பிள்ளையளுக்க முன்னால…

பேப்பர் எழுதுதேன். இப்பவே எழுதுதேன். மணி என்ன, பதினொண்ணு பத்தா? கம்பூட்டர்ல அடிக்கண்டாம். இல்ல… எனக்கு அடிக்கத் தெரியாது. இந்த சென்டருக்கு ஓனரு நான், எனக்கு சீட்டு களிக்க மட்டும் தெரியும். லெட்டர் எல்லாம் அவதான் அடிப்பா. நான் கையால எழுதுதேன். லெட்டர் பேடு உண்டு. நீ கொஞ்சம் இரி, எழுதினத நீ கொண்டு குடுத்துட்டுப் போ, நான் அங்க வரமாட்டேன். எப்படி வந்து அவ மொகத்துல முழிக்க?

பிரசீதா… ரெண்டு வருஷம்… எனக்க சென்டர்ல… நல்ல… நல்ல என்ன போட? ஒழுக்கம் போட்டாச்சு, சாமர்த்தியம் போட்டாச்சு. மெமரி, பவர் எல்லாம் பாத்து ரிப்பேர் செய்ய தெரியும்னும் போடுதேன். ஓனருக்கு தெரியாதது அவளுக்கு தெரியும்னு… அது வேண்டாமா? கெடக்கட்டு, கம்பெனிக்காரன் பாக்கட்டு. இந்தா, கையெழுத்தும் சீலும் ஆச்சு. மடக்கி உனக்க பாக்கெட்டுல வெச்சு…

ஜினு. எலே ஜினு.

போயிட்டானா? பையையும் காணல்ல. மாடிப்படியில சத்தம் கூட கேக்கல்ல… மிண்டாதவன். இப்போ இத யாரு கொண்டு குடுப்பா?

அய்யோ, பஸ்ஸு. வந்துட்டுதா? ஹாரன் கேக்குது, வளைவு திரும்பிட்டு. முட்டுவலி புடிச்ச எனக்க கால வெச்சுக்கிட்டு இந்த படி எறங்கி அங்க எத்துததுக்குள்ள அது போயிரும். இந்த ஜன்னலு ஒண்ணு தொறந்து தொலைய மாட்டேங்குதே…

பிரசீதா. மோளே, ஏறாத. மோளே பிரசீதா, இங்க மேல பாரு. கண்டக்டர் சாரே, ஒரு நிமிஷம் நிறுத்தணும். பேப்பர் எழுதியாச்சு மோளே, கொண்டு வாறேன், ஏறாத. நீ கெடுக்கல்ல. கேக்கல்லியா? நீ கெடுக்கல்ல, ஸ்விட்ச நான் மாத்தினதாக்கும். நான்தான். சீட்டு களிக்க மாத்திப் போட்டேன், காலத்த மறந்துட்டேன்.

பஸ்ஸுல உள்ளவனும் கடையில உள்ளவனும் எல்லாம் மேல பாத்துட்டு நிக்கான். பாக்கட்டு.