ஏழு வீட்டு மஞ்சத்தண்ணி

— ஒடைக்கறதுக்குத்தானேய்யா இந்தச் சிலைய உன்கிட்ட செய்யச் சொன்னேன், கொளஞ்சியப்பா!

— இல்லேங்கல டைரக்டரு சார். பீங்கான்ல செஞ்சாத்தான் ஒரே அடியில செதறும்னீங்க. சூளையில நல்லா வெந்து பதமாத்தான் வந்துது. கண்ணு தொறந்ததுதான் தப்பாப் போச்சு.

— கண்ணுன்னா கறுப்பு மையால ரெண்டு கோடு. எங்க ஆளுங்க அப்படித்தான்யா போடுவாங்க.

— அம்மன் மொகத்துக்கு அப்படிப் போட மனசு வரலீங்க. மூணு நாளு கவுச்சி தொடல. ஏழு வூட்டு மஞ்சத்தண்ணி வாங்கியாந்து ஊத்தி, அப்புறந்தான் கண்ணு எழுதுனேன். இனிமே அது சாமிங்க.

— இதக் கேட்டுட்டு வில்லன் நடிகரு சம்மட்டியத் தொடவே மாட்டேங்கறாரு. அவ்வளவு பெரிய மீசைய வச்சிக்கிட்டு!

— என்னையும் அடிக்கச் சொல்லாதீங்க. எம் பொண்ணு முழுகாம இருக்குது. கண்ணு தொறந்த சிலைய ஒடச்சா வம்சம் தழைக்காதுங்க.

— இத யாரு சொன்னது உனக்கு?

— நீங்கதாங்க! ரெண்டாவது படத்துல பூசாரி சொல்லுவாரே. பெண்ணாடம் டூரிங் கொட்டாயில நாலு தடவ பாத்தேன்.

— அட ஆண்டவனே! அது நான் மெட்ராஸ் லாட்ஜுல உக்காந்து எழுதின வசனம்யா. மஞ்சத்தண்ணியும் என் கற்பனைதான். மொதல்ல அஞ்சு வீடுன்னு எழுதினேன். சொல்லிப் பாத்தா எடுப்பா இல்ல, ஏழாக்கினேன்.

— ஏழுதாங்க சரி. போன வருஷம் நல்லூர்ல கோயில் கட்டுனப்பகூட ஏழு வூட்டுலதான் வாங்குனாங்க.

— கேளுய்யா. பதினோரு வருஷத்துல ஒம்பது சாமி படம் எடுத்துட்டேன். கடைசி ரெண்டும் படுத்துடுச்சு. சிலை செதறி, உள்ளேருந்து அம்மன் நெருப்பா எழுந்து வர்றா பாரு, அந்த ஒரு ஷாட்டுதான் இந்தப் படமே. இன்னிக்கு எடுக்கலன்னா கேமரா மெட்ராஸுக்குப் போயிடும். அப்புறம் எனக்கு எவனும் படம் குடுக்க மாட்டான்.

— வேற ஒண்ணு செய்யலாம்னா, மண்ணு காஞ்சி சூளையில வேவறதுக்கே பத்து நாளு ஆவுமே.

— அதனாலதான் சொல்றேன். அந்தச் சம்மட்டியக் குடு. கை மட்டும் தெரிஞ்சாப் போதும், நானே அடிக்கிறேன்.

— உங்களுக்கும் புள்ளைங்க இருக்குதே, பயமா இல்லீங்களா?

— பொய்ய எழுதினவனுக்கு என்னய்யா பயம்? கேமராவ ஓட்டச் சொல்லு!

— சரிங்க, இந்தாங்க சம்மட்டி. சார்... செருப்ப ஏன் கழட்டுறீங்க?