வலது பாக்கெட்டு

இல்ல தம்பி, விக்க வரல. விக்கறதுக்கா இப்படி மூச்சு வாங்க ஓடி வருவாங்க? அந்த ஜன்னல மட்டும் மறைக்காம நில்லு, எனக்கு எதிர்த்தாப்புல கிளினிக் வாசல் தெரியணும். டெல்பர்ட் உள்ளதான் இருக்காரு, ரத்தம் எடுக்கறாங்க. நர்சு டார்லாகிட்ட சொல்லி வச்சிருக்கேன், ஊர்க்கதை பேசி முடிஞ்ச மட்டும் புடிச்சு வைடியம்மான்னு. மனுஷன் வெளிய வர்றதுக்குள்ள இது என் கைக்கு வந்தாகணும், ராய்ஸ்.

ம், அதேதான். பனி முடிஞ்ச கையோட நீ வித்த அதே ரிவால்வர். உருளையத் தொறந்துதான் நீட்டறேன் பாரு, தோட்டா அஞ்சும் இந்தக் கைக்குட்டைல இருக்கு. ஊர்ப் போலீசுல டெபுட்டி ஷெரீஃபா இருந்தவரு பொண்டாட்டிக்குத் துப்பாக்கி குடுக்கற மொறை தெரியாதா?

கோளாறா? ஒரு கோளாறும் இல்ல. அதான் பிரச்சனையே. உள்ள ஒரு ஊசி இருக்குல்ல, தோட்டா முதுகுல போய் குத்துமே, அத எடுத்துரு. எடுத்துட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி மூடிக் குடு. இது இனிமே சுடக் கூடாது. சுடாதுன்னு அவருக்கும் தெரியக் கூடாது. அவ்வளவுதான் வேலை.

அப்படிப் பாக்காத. எனக்கு மூளை நல்லாத்தான் இருக்கு. அவருக்குத்தான் மறதி. டாக்டர் என்னமோ நீளமா ஒரு பேரு சொன்னாரு, எனக்கு வாயில நுழையல. வீட்டுல இருக்கற துப்பாக்கியெல்லாம் அப்புறப்படுத்துங்கம்மான்னாரு. அந்தாளு வடக்க எங்கயோ பட்டணத்துக்காரரு. நம்ம டென்னசி மலைல வந்து, அதுவும் டெல்பர்ட்கிட்ட வந்து, அப்புறப்படுத்தணுமாம்! பல்லுசெட்டக் கூட மறந்துட்டுக் கெளம்புவாரு, வலது பாக்கெட்டத் தட்டிப் பாக்காம வாசப்படி தாண்ட மாட்டாரு.

யாரு வர்றா அது? டார்லா இல்லையே? சரி சரி, தபால்காரன். நீ கைய நிறுத்தாத. அந்தத் திருப்புளிய எடேன்.

இத வாங்கினப்ப அவருக்கு எவ்வளவு கோவம் தெரியுமா? பழைய பெரிய பிஸ்டலோட மேல்பாகத்தப் பின்னால இழுக்க விரல் மூட்டு வலி எடம் குடுக்கல, அதான் வேற வழியில்லாம இதுக்கு வந்தாரு. இது என்ன, பொம்பளைங்க பையில பவுடர் டப்பாவோட கெடக்கற சாமான்னு வழியெல்லாம் முணுமுணுப்பு. கொட்டாய்க்குப் பின்னாடி பீன்ஸ் டப்பா அடுக்கி வச்சு சுட்டாரு. ஒண்ணு விழலயே! ட்ரிக்கர் என்னா கெட்டி! சின்னதுன்னு பேரு, பெரிசவிட ஒதைக்குது. கட்ட விரல் சந்துல தோலு உரிஞ்சு, பிளாஸ்திரியப் போட்டுக்கிட்டு அதத் திட்டறாரு, மாட்டத் திட்டற மாதிரி.

ஆனா விடல. பேஸ்பால் பாத்துக்கிட்டே சோஃபால ஒக்காந்து, நீ பழகறதுக்குன்னு குடுத்த அந்தச் செவப்புப் போலித் தோட்டாவப் போட்டு, டிக்கு டிக்குன்னு அழுத்திக்கிட்டே இருப்பாரு. எனக்குத் தலை வெடிக்கும். நானும் பழகினேன், வேற வழி? முனை இடிச்சு இடிச்சு பாக்கெட்டெல்லாம் கிழிஞ்சுது, எல்லாப் பேன்ட்டுக்கும் உள்ள பழைய ஜீன்ஸ் துணி வச்சுத் தச்சேன். கடைசில அவருக்கும் அதுக்கும் ஒத்துப் போச்சு. அவர் கையி தானா அங்க போகும், தானா வரும். பெருமையாத்தான் இருந்தது எனக்கு.

உனக்குத் தெரியாததா, அந்தப் பாக்கெட்டுல வேற எதுவும் போடக் கூடாதுல்ல? சாவி, சில்லறை எதுவும் கூடாது. எங்க பையன் சின்னப் புள்ளையா இருந்தப்ப ஒரு கூழாங்கல்லப் போட்டுட்டான்னு அவர் போட்ட சத்தம் இருக்கே! அந்த மனுஷன் போன மாசம் சர்ச்சுல போதகர் குடுத்த பெப்பர்மிண்ட் மிட்டாய, என் கண்ணு முன்னால, வலது பாக்கெட்டுல போட்டாரு. வெயில்ல உருகி உருளையோட ஒட்டிக்கிச்சு. வீட்டுல ஒக்காந்து டூத் பிரஷ்ஷால நான்தான் தேய்ச்சேன். என் பேர மறந்தப்பக் கூட நான் அழுகல, தம்பி. அந்த மிட்டாய்க்கு அழுதேன்.

ஒளிச்சு வைக்கறதா? வச்சேனே! மாவு டப்பாக்குள்ள. வீட்டையே பொரட்டிப் போட்டாரு. அம்மணமா நிக்கற மாதிரி இருக்கு வெர்னான்னு சொல்லிச் சொல்லி, வெளிய கால வைக்க மாட்டேன்னு கதவப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. பக்கத்து வீட்டு ஓட்டிஸ் இருக்கானே, நல்ல மனுஷன், காதுல விழுந்திருக்கு. அட பாவம், டெல்பர்ட் அண்ணன் துப்பாக்கி தொலைஞ்சு போச்சாமேன்னு, பாசமா, நிறையத் தோட்டா போட்ட ஒரு பெரிசக் கொண்டாந்து குடுத்துட்டுப் போயிட்டான்! சோளரொட்டி வேற வச்சிருந்தான் அதோட. நம்ம ஊரு இப்படி இருந்தா நான் எத்தனைய ஒளிக்கறது? கெஞ்சிக் கூத்தாடி அதத் திருப்பிக் குடுத்துட்டு, இதையே மாவத் தட்டி எடுத்துக் குடுத்தேன்.

ஆமாப்பா, செவப்புத் தோட்டாவும் போட்டுப் பாத்தாச்சு. கண்டுபிடிச்சுட்டாரு. எப்படின்னா... அது கெடக்கட்டும். அப்புறமா நிஜத்தப் போட்டுக்கிட்டாரு, குளிக்கற எடத்துலயும் மெத்தைலயும் கூடவே வச்சுக்கறாரு. எங்க எடுக்கறது நான்? அவரா எறக்கி வைக்கற எடம் ஒண்ணே ஒண்ணு, துப்பாக்கிக்குத் தடைன்னு போர்டு தொங்கற வாசல். சட்டம்னா சட்டம் அவருக்கு. தன் கையாலேயே வண்டி டப்பால வச்சுப் பூட்டி, சாவிய என்கிட்ட குடுத்துட்டுத்தான் கிளினிக்குள்ள போனாரு. அதுக்குத்தான் இன்னைக்கு ரத்தம் எடுக்கறதே. ஒரு பரிசோதனையும் கெடையாது. டார்லாவும் நானும் பண்ண வேலை.

தெரியும், ராய்ஸ். சொல்லாமக் கொள்ளாம ஒருத்தன் துப்பாக்கியச் செத்ததா ஆக்கறது பாவம்தான். உங்க அப்பா இருந்தா என்னத் தொரத்தி விட்டிருப்பாரு. டெல்பர்ட் பேருல இருக்கறது, அவரே வந்து கேக்கணும்ங்கற. எவரு வந்து கேப்பாரு? அந்தப் பழைய டெல்பர்ட் திரும்பி வந்தா நான் ஏன் உன்கிட்ட நிக்கறேன்? நிஜமா எவனாச்சும் திருடன் வந்தாலா? வரட்டும், நான் இருக்கேன், வாணலியால போடறேன்.

தோட்டாவ மட்டும் செத்ததா செஞ்சு தரேங்கறியா? வேணாம். அலமாரில, வண்டில, சட்டைல, எங்கெங்க வேற தோட்டா வச்சிருக்காரோ, மாத்திப் போட்டுக்குவாரு. ஊசிதான் போகணும். கனம் மாறக் கூடாது, உருளை சுத்தணும், அழுத்தினா டிக்குன்னு அந்தச் சத்தம் வரணும்.

சத்தம் எதுக்கா? கேக்காத. சரி, சொல்றேன், நீ வேலையப் பாத்துக்கிட்டே கேளு.

நேத்துக் காலைல அவர் குளிக்கப் போனப்பதான் செவப்பு அஞ்சையும் போட்டு வச்சேன். நான் அடுப்படில பிஸ்கட் ரொட்டியத் திருப்பிக்கிட்டிருக்கேன். பின்னால வந்து நின்னாரு. யாரும்மா நீ, எம் பொண்டாட்டி அடுப்படில உனக்கென்ன வேலைன்னாரு. டெபுட்டி கொரல்ல. நான் திரும்பறேன், கை நீண்டிருக்கு. நல்லா நேரா, ஆடவே இல்ல, அவ்வளவு பழகியிருந்துச்சு அதோட. டிக்கு.

சத்தம் வந்ததால தப்பிச்சேன். அது வந்ததும் மனுஷன் நின்னுட்டாரு. உருளையத் தொறந்து பாத்தாரு, செவப்பு செவப்பா. பாத்துட்டு அப்படியே ஒக்காந்து அழுகறாரு, தம்பி. எவன் இந்தப் பொம்மையப் போட்டது, எவளோ ஒருத்தி வீட்டுக்குள்ள நிக்கறா, என் வெர்னாவ ஏதாச்சும் பண்ணியிருந்தா நான் என்ன செய்வேன்னு, என் கையப் புடிச்சுக்கிட்டு, என்கிட்டயே கேக்கறாரு. வெர்னாவுக்கு ஒண்ணும் ஆகலங்கன்னேன். ரொட்டி கருகிப் போச்சு, வேற போட்டுக் குடுத்தேன், சாப்ட்டாரு.

அந்தா, டார்லா கதவத் தொறக்கறா. முடிஞ்சுதா? குடு, நானே ஒரு தடவ அழுத்திப் பாத்துக்கறேன். ம், அதே சத்தம். தோட்டாவ எடு, சீக்கிரம், அவர் வந்தவுடனே வண்டி டப்பாவத்தான் தொறப்பாரு.