புல்லு வரிசை

இல்லீங்க மிஸ், பதுளையில நீங்க வைக்கிற கூட்டத்துக்கு நான் வரல. கோவிச்சுக்காதீங்க. அத்தன பேருக்கு முன்னால நின்னு இந்தப் புல்லு வரிசையப் பத்தி என்னா சொல்றது? தேத்தண்ணியக் குடிங்க, ஆறிரும்.

நீங்க வேலைக்குப் புதுசு, முழுசா தெரியாது. உங்க விவசாய ஆபிஸ்ல உங்களுக்கு முந்தி இருந்த கனகரத்தினம் ஐயா, யாழ்ப்பாணத்து மனுசன், அவருதான் ரெண்டாயிரமாம் வருசம் இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்தாரு. கீழ ஓடைக்கரையில சும்மா கெடந்த சரிவுல நாங்க போஞ்சி போட்டிருந்தோம். ஒரு மழைக்கு மண்ணு பூரா கரைஞ்சு ஓடிரும். ஐயா வந்து இப்பிடிச் செய், அப்பிடிச் செய்னு சொல்லல. எங்க வீட்டுக்காரரு பக்கத்துல குந்திக்கிட்டு, நீங்க என்னா நினைக்கிறீங்கன்னு கேட்டாரு. அவரக் கூப்புட்டு அது வரைக்கும் யாரும் அப்பிடிக் கேட்டதில்ல. ரெண்டு பேருமா மண்ணப் புடிச்சு நிறுத்த சரிவுக்குக் குறுக்க புல்லு வரிசை நட்டாங்க. ஒரு பாத்திக்குக் கூட்டெரு போட்டு, ஒண்ணுக்குப் போடாம, எது தேறுதுன்னு பாத்தாங்க. கீழ் லயத்து ஆளுங்களும் வந்து பாத்துட்டுப் போயி அவங்க துண்டுல செஞ்சாங்க. மூணாம் வருசம் மண்ணு கறுப்பாயிருச்சு. கைய வச்சா உள்ள போகும். போஞ்சி பந்தலே சாயுற மாதிரி காச்சுச்சு.

ஆமாங்க, அந்தப் பந்தலோட போட்டோவுல நிக்கறது எங்க வீட்டுக்காரருதான். இன்னும் உங்க ஆபிஸ்ல மாட்டியிருக்கா?

அதுக்கப்பறம் தோட்டத்து மேனேஜரு தொர வந்து பாத்தாரு. நல்ல மண்ணா இருக்கேன்னாரு. அவ்வளவுதான். அந்தச் சரிவ டவுன் முதலாளி ஒருத்தருக்குக் குத்தகைக்குக் குடுத்துட்டாங்க. கேக்கப் போனோம். தோட்டத்துக் காணி உங்க பேருலயா இருக்குன்னாரு கணக்கப்புள்ள. இல்லதான். திரும்பி வந்துட்டோம்.

இப்ப காலையில பெரட்டுல பேரு கூப்புட்டுத் தோட்ட வேலை குடுக்காத நாள்ல எங்க வீட்டுக்காரரு அந்தச் சரிவுக்கேதான் கூலிக்குப் போறாரு. கூட்டெரு போடத் தெரிஞ்ச ஆளுன்னு முதலாளியே கூப்புட்டுக்கிட்டாரு. இவரும் அங்க உள்ள ஆளுங்களுக்குச் சொல்லிக் குடுக்குறாரு. அதுக்கு என்னாங்க செய்யச் சொல்றீங்க?

அப்பயும் மனுசன் சும்மா இருக்கல. மேல பாறைக்கிட்ட வேற ஒரு துண்டக் கொத்தி மறுபடி புல்லு நட்டாரு. நல்லா புடிச்சுக்கிச்சு. பக்கத்து வீட்டு வேலாயி வந்து பாத்துட்டு, ரெங்கம்மா, இதுவும் தேறிருச்சுன்னா தொர கண்ணுல பட்டுரும்னா. அவ துண்டுல இருந்த புல்ல அவளே புடுங்கிட்டா. கீழ் லயத்துலயும் அப்பிடித்தான். மண்ணு மோசமா இருந்தாத்தான் நம்ம கையில இருக்கும்னு ஆயிருச்சு.

போன கெழம, அவரு இல்லாத நேரமா நானும் புடுங்கிட்டேன். லேசுல வரல. வேரு அவ்வளவு ஆழம் போயிருந்துச்சு.

காட்டுப்பன்னி கிண்டிருச்சுன்னு சொன்னேன். நம்பிட்டாரு. மறுபடி நட உங்ககிட்ட புல்லு கேக்கணும்னு காத்துக்கிட்டிருக்காரு. இப்ப வந்துருவாரு. கையில புல்லு இல்லன்னு சொல்லிருங்க மிஸ்.