ஜெர்மன் தட்டின் காலி உறை

...அதெல்லாம் போக முடியாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டேன். நீங்க ரெக்கார்ட் பிளேயர்ல ஊசிய மாட்டுங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன். தங்கச்சி பொண்ணு கல்யாணம்தான், இல்லேங்கல. இன்னிக்கு பத்தரைக்கு. என் வீட்டுக்காரி விடியறதுக்கு முன்னாடியே தனியா கிளம்பிப் போயிட்டா. போகட்டுமே. தங்கச்சி புருஷன் வந்து, ஆமா நான்தான் எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்.

எதையா? இந்த அலமாரியப் பாருங்க. மேல் அடுக்கு முழுக்க ஒரே பாட்டுக்காரம்மா. ஜாஸும் பாடுச்சு, ஜனங்க முணுமுணுக்கிற மாதிரி பாப்பும் பாடுச்சு. நாப்பத்தி மூணு ஆல்பம். இங்கிலீஷ் இடது பக்கம், மத்த பாஷை வலது பக்கம். இத்தாலியன், ஸ்பானிஷ்... ஜப்பான் பாஷைல கூட ஒண்ணு இருக்கு. அந்தம்மாவுக்கு அதுல ஒரு வார்த்தை தெரியாதாம், எழுதி வெச்சுக்கிட்டு பாடுச்சாம். எனக்கும்தான் தெரியாது. அதனால என்ன, அழ வேண்டிய இடத்துல கரெக்டா அழுதுருவேன்.

ஆனா ஜெர்மன் தட்டு இருந்துச்சு பாருங்க... அதுக்கு ஈடே கிடையாது. ஒம்பது வருஷம் முன்னாடி தங்கச்சியும் அந்தாளும் சாப்பிட வந்தாங்க. போட்டுக் காட்டினேன். "புரியாத பாட்டுக்கு எதுக்கு மச்சான் தலையாட்டறீங்க?"ன்னான். வயித்தெரிச்சல், வேறென்ன. அவங்க கிளம்பினதும் பாக்கறேன், உறை இருக்கு, உள்ள ஒண்ணுமில்ல. வாசலுக்கு ஓடினேன். கார் டிக்கியத் திறந்து காட்டுன்னேன். தெருவே வேடிக்கை பாத்துது. உள்ள ஒரு குடையும் ஸ்டெப்னியும்தான். சீட்டுக்கடியில வெச்சிருப்பான், யாரு கண்டா. தங்கச்சி அழுதுக்கிட்டே வண்டில ஏறினா. எனக்கு இருக்கறது ஒரே தங்கச்சி சார். அன்னிக்குப் போனவ, இந்த வாசப்படி மிதிக்கல.

நீங்களே எங்கயாச்சும் மாத்தி வெச்சிருப்பீங்களோன்னு மட்டும் கேக்காதீங்க. என் வீட்டுக்காரி கேட்டா, ரெண்டு நாள் நான் சாப்பிடல. தட்டை எடுத்த கையோட அதனதன் உறைல போடறவன் நான். வேற யாரையும் தொட விடறதில்ல.

மாட்டியாச்சா? சோதிக்க நல்ல தட்டு வேணாம், புது ஊசி எப்படியோ என்னவோ. அந்தக் கோடில இருக்கே, மழைப்பாட்டு ஆல்பம், அதை எடுங்க. ஒரே இழுவை, கேக்கறதே இல்ல. கடைசியா அன்னிக்குப் போட்டதுதான்... புரியலேன்னான்ல, இங்கிலீஷ்லயே கேட்டுக்கோடான்னு, ஜெர்மனை அவசரமா எடுத்துட்டு... ஓரத்தைப் புடிங்க, ஓரத்தை.

என்னது, ரெண்டு இருக்கா? அது ஒத்தைத் தட்டு ஆல்பமாச்சே.

குடுங்க இப்படி.

...

நீங்க வண்டில வந்தீங்களா? மண்டபம் பத்து நிமிஷம்தான். இல்ல, பாட்டு வேணாம், நிறுத்துங்க. சட்டைய மாத்திட்டு வந்துடறேன். ஒம்பது வருஷம் சார்... நடுத்தெருவுல வெச்சு டிக்கியத் திறக்கச் சொன்னேனே. அவர் மூஞ்சில எப்படி முழிக்கிறது? இந்த ஜெர்மன் தட்டையே அவர் கையில குடுத்து மன்னிப்பு கேட்டுரட்டுமா?

ஆனா அவரு ஓரத்தைப் புடிக்க மாட்டாரு. விரலை நடுவுல வெப்பாரு.

வேணாம். அந்தக் காலி உறைய மட்டும் எடுங்க, அது போதும்.