அசையாத தலையும் அடங்காத வாயும்

நடுநாற்காலியை நிறைத்து அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் அவைத் தலைவர் பெருந்தகை அவர்களே! மண்டைக்குள் இருப்பதை வெளியிலிருந்தே படம் பிடிக்கும் மருத்துவப் பெருமக்களே! பேச நினைத்த சொல் நாவுக்கு வராவிட்டாலும் முகத்தில் புன்னகையைக் குறைக்காமல் முன்வரிசையில் வீற்றிருக்கும் என் அன்புச் சொந்தங்களே! அவர்களுக்காக அரைத் தூக்கமும் அரை வயிறுமாய் அலைகிற தாய்மார்களே! தாய்மார்கள் கூப்பிட்டதைத் தட்ட முடியாமல் வந்திருக்கும் தந்தைமார்களே! அனைவருக்கும் இந்த இரும்புக்கடைக்காரனின் இதயம் நிறைந்த வணக்கம்!

மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். மூளை மண்டைக்குள் இருக்கிறது என்பது வரைக்கும் உறுதியாகச் சொல்வேன். அதற்கு மேல் கேட்டால் இதோ மேடையில் இருக்கும் டாக்டரம்மாவைக் கைகாட்டிவிடுவேன். என்ன அங்கே சிரிப்பு? உங்களுடையதை மட்டும் நீங்கள் திறந்து பார்த்திருக்கிறீர்களா?

ஆனால் என் மனைவியைப் பற்றிப் பேச எனக்கு எந்தப் படிப்பும் வேண்டாம். அதோ, மூன்றாவது வரிசையில் பச்சை உடுத்திக்கொண்டு என்னை முறைக்கிறாளே, அவளேதான்.

எங்கள் கடைக்கு முதலாளி நான் என்று வாசல் பலகை சொல்லும். பலகை பொய் சொல்லும். ஆணியா, அரமா, கீலா, கொக்கியா, குழாய்க்குப் போடும் வாஷரா, எது எந்த அட்டைப்பெட்டியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவள் அவள். நாங்கள் கொஞ்சிப் பேசிக்கொண்டது கிடையாது. கேலிதான் எங்கள் கொஞ்சல். "என்னடி என் துருப்பிடிச்ச தாழ்ப்பாளே" என்பேன். "வர்றேன் என் ஓட்டைக் குழாயே, அதுவரைக்கும் ஒழுகாம இரு" என்பாள். பொருள் வாங்க வருபவர்கள் பொருளை மறந்து நின்று கேட்பார்கள்.

அப்படிப்பட்டவளிடம் ஒரு நாள் தச்சர் ஒருவர் கீல் கேட்டார். சரியான பெட்டியைத் திறந்தாள். சரியான கீலை எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். "இந்த... இது... கதவு ஆடுமே, அது" என்றாள். தச்சரும் சிரித்தார், நானும் சிரித்தேன், அவளும் சிரித்தாள். ஆனால் அந்த 'அது' போகவில்லை ஐயா! கடை முழுக்கக் குடியேறிவிட்டது. ஆணியும் அது, அரமும் அது, அளவுநாடாவும் அது. ஒரு நாள் மகளிடம் என்னைக் காட்டி, "அதுக்குச் சோறு போடு" என்றாள். கட்டிய கணவனும் அது!

தெரு சும்மா இருக்குமா? திமிர் என்றார்கள் சிலர். மனக்கவலை என்றார்கள் சிலர். ஒரு மருத்துவரும் மனக்கவலைதான் என்று மாத்திரை எழுதினார். மாத்திரை வேலை செய்தது. எப்படி வேலை செய்தது? கல்லாவுக்குப் பின்னால் நாற்காலியில் தலை தொங்கித் தூங்கினாள். காலையிலும் தூக்கம், மாலையிலும் தூக்கம். நான் கேலி செய்தால் திரும்பி வருவதற்கு எதுவும் இல்லை. எங்கள் கடையில் சத்தம் செத்துப்போயிற்று.

மகள்தான் பொறுக்காமல் கேட்டாள். "ஏம்பா, அம்மாவைத் தூங்க வைக்கவா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம்?" கேட்டவள் எங்களை இந்தச் சின்ன டாக்டரம்மாவிடம் கொண்டுவந்து நிறுத்தினாள். டாக்டரம்மா என் மனைவியிடம் பொறுமையாகப் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார். பிறகு என்னிடம் சொன்னார். "ஐயா, இது கவலை மாதிரி தெரியலை. மறதி நோய்ல, ஞாபகத்தைத் தொடறதுக்கு முன்னாடி பேச்சைப் பிடிக்கிற வகை ஒண்ணு இருக்கு. தலையைப் படம் எடுத்துப் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். எங்க ஆராய்ச்சியில சேர்த்துக்கறேன். ஆனா அம்மா மெஷினுக்குள்ள அசையாம படுக்கணும்."

அந்த மெஷினைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளையாக ஒரு பெரிய குழாய். அதற்குள் ஆளைத் தள்ளுவார்கள். பயந்தால் அழுத்துவதற்குக் கையில் ஒரு ரப்பர் பந்து. காதில் பேச்சுக் கேட்கும் கருவி. முதல் தடவை உள்ளே போனதும் அவள் நடுங்கினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த டாக்டரம்மா என்னிடம் மைக்கை நீட்டி, "நீங்க பேசுங்க ஐயா, உங்க குரல் கேட்டா தைரியமா இருப்பாங்க" என்றார்.

பாருங்கள், அன்றும் என்னிடம் மைக்கைக் கொடுத்துத்தான் கெட்டார்கள்! "என்னடி, நம்ம சரக்கு மாதிரியே உன்னையும் குழாய்க்குள்ள செருகிட்டாங்களா? அளவு சரியா இருக்கா, இல்ல ஒரு சைஸ் பெருசா எடுத்துத் தரச் சொல்லவா?" என்றேன். அன்று காலை மாத்திரை கொடுக்கவில்லை. வெகுநாள் கழித்து என் மனைவி வயிறு குலுங்கச் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து மெஷின் ஓட ஆரம்பித்தது. படத்தில் ஒரு தலைக்கு மூன்று தலை தெரிந்தது. மெஷின் ஓட்டுபவர் தலையில் கைவைத்துக்கொண்டு, "ஐயா, உங்க காலைப் பிடிக்கிறேன், சிரிக்க வைக்காதீங்க" என்றார்.

இரண்டாவது தடவை டாக்டரம்மா முன்கூட்டியே எச்சரித்தார். "இன்னைக்குக் கேலி வேண்டாம். அன்பா ரெண்டு வார்த்தை பேசுங்க, போதும்."

அன்பாக இரண்டு வார்த்தை! அந்தச் சரக்கு எங்கள் கடையில் என்றைக்கு விற்றது? ஆனாலும் தொண்டையைச் சரிசெய்துகொண்டு தொடங்கினேன். "என் அன்பு மனைவியே, நீங்க கவலைப்படாதீங்க. நான் உங்க பக்கத்துலயே இருக்கேன். நீங்க இல்லாம எனக்கு யார் இருக்காங்க?"

அலறியது ஐயா அபாய மணி! பந்தை விடாமல் அழுத்துகிறாள். ஓடிப்போய் வெளியே இழுத்தார்கள். எழுந்து உட்கார்ந்து டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு... அவருக்கு... என்ன ஆச்சு? உடம்பு... என்ன?"

எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டாள்! வாழ்நாளில் 'நீங்க' என்று சொல்லாதவன் சொன்னால் பயம் வராதா? தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள்! பாருங்கள், எப்படிக் கை தட்டுகிறார்கள்! ஐயாமார்களே, இன்று வீட்டுக்குப் போய் முயற்சி செய்து பார்க்காதீர்கள்.

டாக்டரம்மா சிரித்தார். பிறகு அவர் கண் கலங்கியது. "பொருளோட பேரெல்லாம் போகுது ஐயா. ஆனா உங்களை மட்டும் அவங்க அப்படியே மனசுல வச்சிருக்காங்க" என்றார்.

மூன்றாவது தடவைதான் கடைசி. அந்த மெஷினுக்கு எத்தனையோ பேர் வரிசையில் காத்திருக்கிறார்கள். "இந்தத் தடவையும் படம் கலைஞ்சா என்னால ஆராய்ச்சியில வச்சுக்க முடியாது" என்று டாக்டரம்மா வருத்தத்தோடு சொல்லிவிட்டார். படம் வராவிட்டால் என்ன? பழைய மாத்திரை. பழைய நாற்காலி. பழையபடி தொங்குகிற தலை.

பேசினால் சிரிக்கிறாள், பரிவாகப் பேசினால் பயப்படுகிறாள், பேசாவிட்டால் நடுங்குகிறாள். என்ன செய்வது? "நானும் உள்ளே வந்து நிக்கறேம்மா" என்றேன். உள்ளே பெரிய காந்தம் இருக்கிறது, இரும்பு ஆகாது என்றார்கள். என்னிடம் போய் இரும்பு ஆகாது என்றால்! சட்டைப் பையிலிருந்து திருகாணி, கால்சட்டைப் பையிலிருந்து வாஷர், சாவிக்கொத்து, அளவுநாடா, இடுப்பு வார் என்று பாதிக் கடையை மேஜையில் கொட்டிவிட்டுப் போனேன்.

குழாய்க்கு வெளியே அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. பிடித்துக்கொண்டேன். மெஷின் தொடங்கியது. எங்கள் கடையில் உள்ள சுத்தியல் எல்லாம் ஒரே நேரத்தில் தகரத்தைத் தட்டியதுபோல் ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில் நான் பேசினாலும் கேட்காது. அவளுக்கோ பேச வார்த்தை இல்லை. அந்த அறைக்குள் நானும் அவளும் ஒன்றாகிவிட்டோம் ஐயா. பாதம் நடுங்கியது. அழுத்திப் பிடித்தேன். நடுக்கம் நின்றது. கொஞ்ச நேரத்தில் கால் விரல் இரண்டைச் சேர்த்து என் விரலைப் பிடித்து நறுக்கென்று ஒரு கிள்ளு! தலை மட்டும் இம்மியும் அசையவில்லை.

படம் பளிங்குபோல் வந்தது. டாக்டரம்மா விரல் வைத்துக் காட்டினார். "இடது பக்கம், பேச்சைப் பார்த்துக்கற இடம் மெலிஞ்சிருக்கு பாருங்க." திமிர் இல்லை! கவலை இல்லை! சொல்லைத் தின்னும் நோய் அது. அன்றே மாத்திரையைக் குறைக்கத் தொடங்கி, பிறகு நிறுத்தியும்விட்டார். என் மனைவி விழித்துக்கொண்டாள்!

குணமாகிவிட்டதா என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். இல்லை அம்மா. இன்னும் சொற்கள் போகும் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். "ஒரு நாள் என்னையும் மறந்துடுவாளா?" என்று கேட்டேன். "அதை இப்பச் சொல்ல முடியாதுங்க ஐயா" என்றார். மறந்தால் மறக்கட்டும். புதிதாக அறிமுகம் செய்துகொள்கிறேன். இந்தத் தடவையாவது அவளிடம் நல்ல பெயர் எடுக்கப் பார்க்கிறேன்.

பெரியோர்களே! மெலிந்த மூளையின் படம் மட்டும் இருந்தால் போதுமா? பக்கத்தில் வைத்துப் பார்க்க நல்ல மூளையின் படம் வேண்டாமா? எது வயது, எது வியாதி என்று பிரித்தறிய வேண்டாமா? இன்னொரு வீட்டில் ஒரு தாய், இன்னொரு கடையில் ஒரு தங்கை, இன்னொரு பட்டறையில் ஒரு அண்ணன், சொல் வராத குற்றத்துக்காகத் தூங்க வைக்கப்படலாமா? கூடாது என்றால் வாருங்கள்! நோயில்லாதவர்களே வாருங்கள்! கத்தி இல்லை, காயம் இல்லை. படுத்துக்கொண்டே செய்கிற பொதுத்தொண்டு வேறு எங்கே கிடைக்கும்? நான் படுத்தேனா என்று கேட்கிறீர்களா? படுத்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் வலித்தது.

எங்கே, வருகிறவர்கள் கையை உயர்த்துங்கள் பார்ப்போம்!

என்ன ஐயா, எல்லோரும் திடீரென்று மேலே மின்விசிறியை ஆராய்கிறீர்கள்? இவ்வளவு நேரம் தட்டிய கைகள் எங்கே போயின?

அடடே, மூன்றாவது வரிசையைப் பாருங்கள்! என் மனைவி எழுந்து நிற்கிறாள். இந்தப் பக்கத்து அம்மாவின் மணிக்கட்டை ஒரு கையில், அந்தப் பக்கத்து ஐயாவின் மணிக்கட்டை ஒரு கையில் பிடித்துத் தூக்கியே விட்டாள்! இழுக்காதீர்கள் அம்மா, விடமாட்டாள், எனக்குத் தெரியும். இதோ, பின்னால் இருப்பவர் அவள் திரும்புவதற்குள் தானாகவே தூக்கிவிட்டார். அங்கே இன்னொரு கை. அதோ இன்னும் இரண்டு. இத்தனை பேசிய எனக்கு ஒரு கை கிடைக்கவில்லை. ஒரு சொல் பேசாமல் சபையையே கை தூக்க வைத்துவிட்டாள்!

டாக்டரம்மா, அவள் பிடி தளர்வதற்குள் சீக்கிரம் வந்து பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். பொறுத்துக் கேட்ட காதுகளுக்கு என் நன்றி. உயர்ந்து நிற்கும் கைகளுக்கு எங்கள் இருவரின் வணக்கம்!