அண்ணன் குடுத்த ரத்தம்

அலோ... அலோ... திண்டிவனம் மல்லாட்டை மண்டிங்களா?... ஆமாங்க, விழுப்புரம் போஸ்டாபீசுலேருந்து டிரங்கு கால்ங்க. அங்க கடல மூட்ட எடை போடறாரே, சக்கரபாணி அப்பா, அவர கொஞ்சம் கூப்புடுங்க... அவரு தம்பி சம்சாரம்னு சொல்லுங்க. ஆஸ்பத்திரி சமாச்சாரம்... ஜல்திங்க, லைன் கட்டாயிடும்.

...மாமாவா? நான்தான், தையல்நாயகி... இருக்காரு மாமா, உசுரோடதான் இருக்காரு. ஏன், அதுக்குள்ள நீங்க... இருக்காரு, இருக்காரு. எழுந்து உக்காந்து கஞ்சி குடிக்கிறாரு. இன்னிக்கி காலையிலதான் தையல் பிரிச்சாங்க.

...இல்ல, புத்துநோயி இல்ல. மெட்ராசுக்கு அனுப்பிப் பாத்து, இல்லன்னு ரிப்போட்டு வந்துடுச்சி... ஆமா, குடல்வாலுன்னுதான் வயித்த கிழிச்சாங்க. கிழிச்சா அது நல்லாத்தான் இருக்குதாம். பக்கத்துல பெருங்குடல் ஆரம்பிக்கிற எடத்துல சின்னச் சின்ன பையாட்டம் பிதுங்கிக்கினு, அதுல ஒண்ணு சீழு கோத்து கல்லாட்டம் வீங்கிக் கெடந்துச்சாம்... வலது பக்கம்தான் மாமா. புத்தா இருந்தா வுட்டுவெக்கக் கூடாதுன்னு அந்தப் பக்கத்துக் குடலயே அறுத்து எடுத்துட்டு, மீதியச் சேத்து தெச்சிட்டாரு டாக்டரு.

...தெரியுமா? எப்படித் தெரியும்? அறுக்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?

...டீ குடிக்க. ஆமாமா, டீ குடிக்கத்தான் போனீங்க. உங்க ரத்தம் தம்பிக்கிச் சேருது, வந்து படுங்கன்னு நர்சம்மா கூப்புட்டதும், தோ ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்னு துண்ட ஒதறித் தோள்ள போட்டுக்கினு போனீங்க. நானும் கேட்டுக்கும் வார்டுக்கும் பைத்தியமாட்டம் ஓடறேன். உள்ளாற வயித்தத் தெறந்து வெச்சிக்கினு, ரத்தம் எங்கன்னு டாக்டரு கத்தறாரு.

...தல சுத்துச்சா? ரயிலு ஏறும்போது சுத்தலியா?

...சரி. சரி வுடுங்க. சண்ட போட போன் பண்ணல. ஒரே ஒரு ஒத்தாசை. ஞாயித்துக்கெழம வந்து அவரு கண்ணுல பட்டுட்டுப் போங்க. அவருக்கு நெசம் தெரியாது மாமா. கண்ணு முழிச்சதும் மொதல்ல, அண்ணன் எங்கன்னுதான் கேட்டாரு. ஓடிப்பூட்டாருன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ரத்தம் குடுத்துட்டு அசந்துபோயி ஊருக்குப் போயிருக்காருன்னு சொல்லிட்டேன்... ஆமா, பொய்தான். நான்தான் சொன்னேன். இப்ப, என் உடம்புல ஓடறது எங்க அண்ணன் ரத்தம்னு வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் சொல்லிக்கினு கெடக்கறாரு. கேக்கறப்ப எனக்கு வயிறு எரியுது.

...யாரு குடுத்தா இப்ப என்னா?... ஞானராஜ்னு ஒருத்தரு. முண்டியம்பாக்கத்து ஆளு. பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு சோறு கொண்டாந்தவரு. நான் அழுவறத பாத்துட்டு, என்னுது சேருதான்னு பாருங்கன்னு அவரா போயி நின்னாரு... ஆமா, வேதக்காரருதான், சர்ச்சுக்குப் போறவருதான்... அதுக்கென்னா?... வாயக் கழுவுங்க மாமா. நம்ம ஜாதி ரத்தம்தான் ரயிலேறிப் போயிடுச்சே!

...கத்தல. நான் கத்தல... எக்சேஞ்சுங்களா? பேசிக்கினுதாங்க இருக்கோம், இன்னும் மூணு நிமிஷம் குடுங்க.

மாமா, கேளுங்க. வளவனூர் கெணத்துல பாதிப் பங்கு யாருதுன்னு நீங்க ரெண்டு பேரும் எத்தினி வருசமா முட்டிக்கினு இருக்கீங்க... ஆங், அந்தப் பங்குதான். நேத்து என்னக் கூப்புட்டு உக்காரவெச்சி, அத அண்ணனுக்கே எழுதிக் குடுத்துடலாம்டி, எனக்கு உசுரு குடுத்தவருன்னு சொல்லி அழுவறாரு. தையலு வலிக்குதுன்னு வயித்தப் புடிச்சிக்கினே அழுவறாரு. நான் செவுத்தப் பாத்துக்கினு நிக்கறேன்.

...மாமா? என்னா சத்தத்தையே காணும்? அழுவறீங்களா?... என்னா?... எப்ப எழுதறேன்னாருன்னா கேக்கறீங்க?

...ஞாயித்துக்கெழம வரைக்கும் எதுக்கா... சாயங்கால ரயிலுக்கே வந்துடறீங்களா... ஓ... ஆமா, ரத்தம் நான்தான் குடுத்தேன்னு நீங்களே ஒரு வார்த்த சொல்லிக்கிறீங்களா. நான் வாயத் தொறக்காம இருந்தா போதுமா.

மாமா... உங்களுக்கு உறுத்தும்னு சொன்னேன் மாமா. கெணறு கெணறுன்னு அலையறதுக்கா சொன்னேன்? உறுத்தும்னுதான் சொன்னேன்.

...வேணாம். நீங்க வராதீங்க... இல்ல, வராதீங்கன்றேன்... அவரு மனசு ஒடஞ்சா ஒடயட்டும். குடலு அறுத்ததயே தாங்கிட்டாரு, தையலும் பிரிச்சாச்சு, இதயும் தாங்குவாரு. ஞானராஜ் சாயங்காலம் சோத்துக் கேரியரோட வருவாரு. அவரு கையப் புடிச்சி உங்க தம்பி கையில வெச்சி, இந்தக் கையிலேருந்து வந்ததுதான்யா உன் உடம்புல ஓடறதுன்னு சொல்லிடறேன்.

...என்னா? அன்னிக்கி டீ குடிக்கத்தான் போனீங்களா? குடிங்க, நல்லா குடிங்க. வெச்சிடறேன்.