பூட்டி வெச்ச கட்டுத்துணி

…அதுக்காக உங்க சட்டையையா கழட்டி அமுக்குறது, கட்டிங்காரரே? காலையிலேர்ந்து பேப்பர் வெட்டற மிஷின்கிட்ட நின்ன சட்டை. மை, பசை, வேர்வை எல்லாம் காயத்துக்குள்ள போகும். நம்ம ஸ்டோர்ல உருளை உருளையா கட்டுத்துணி இருக்கு, தெரியுமா? இரும்பு பீரோவுல. சாவிதான்... வேற பேன்ட்ல, வீட்டுல.

சரி, அமுக்குங்க. நான் பேசறேன்னு விட்டுடாதீங்க. டிரைவர் அண்ணே, ஆஸ்பத்திரி சேர்ற வரைக்கும் பள்ளம் பார்த்துப் போங்க, எனக்கு முழங்கை வரைக்கும் கிழிஞ்சிருக்கு.

நான் ஏன் பூட்டினேன்னு கேளுங்க. இந்த அச்சாபீஸ்ல முதலுதவிப் பெட்டி திறந்து கிடந்த காலம் உங்களுக்குத் தெரியாதா? செருப்பு கடிச்சா பிளாஸ்திரி. மூக்குக்கண்ணாடி துடைக்கப் பஞ்சு. பைண்டிங் அக்கா ஒரு முழு கட்டுத்துணியை டிபன் கேரியர் கைப்பிடியில சுத்தி வெச்சிருந்தாங்க, சுடுதாம். ஏம்மான்னு கேட்டா, உங்க பாட்டன் சொத்தாங்கறாங்க.

அதான் கண்ணாடி அலமாரி வெச்சுப் பூட்டினேன். பக்கத்துலயே நான் முதலுதவிப் பயிற்சிக்குப் போன சர்டிபிகேட், சட்டம் போட்டு. வர்றவங்க போறவங்க எல்லாம் நின்னு பார்ப்பாங்க. மேனேஜர் போட்டோகூட எடுத்தார்.

நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. இன்னைக்கு உங்க விரல்ல ஒரு கீறல். தண்ணியில காட்டினா நின்னுடும். நின்னுச்சா இல்லையா? காட்டுங்க... வேணாம், வேணாம், கையை எடுக்காதீங்க. அதுக்குப் போயி, சாவி இல்லேன்னதும் அலமாரிக் கண்ணாடியை உடைக்கச் சுத்தியலைத் தூக்கலாமா? அவசரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க. நீங்க தூக்கலேன்னா நான் ஏன் குறுக்க ஓடி வரேன், கால் ஏன் வழுக்குது, என் கை ஏன் கண்ணாடிக்குள்ள போகுது?

முறைக்காதீங்க.

நின்னுடுச்சான்னு லேசா தூக்கிப் பாருங்களேன். இல்ல, பார்க்காதீங்க. தூக்கிப் பார்க்கவே கூடாதுன்னு பயிற்சியில சொன்னாங்க. நனைஞ்சா, அதுக்கு மேலயே இன்னொரு துணி வெச்சு இன்னும் அழுத்தணும். நனைஞ்சுதான் போச்சு. டிரைவர் அண்ணே, அந்தத் துண்டைக் குடுங்க. இதான் முறை. நாப்பது பேருக்கு வகுப்பு எடுத்தவன் நான்.

என்ன, பார்வையே சரியில்லையே? ஓ, அதுவா. ஆமா, கண்ணாடி உடைஞ்சதும் நீங்க ஒவ்வொரு டப்பாவா திறந்தீங்க, அத்தனையும் காலி. காலி டப்பாவைத்தான் அடுக்கி வெச்சேன். நிஜச் சாமானை அங்க வெச்சா, உடைச்சாவது எடுத்துடுவீங்கன்னு பீரோவுல போட்டேன். அது தெரிஞ்சிடக் கூடாதுன்னுதான் குறுக்க விழுந்தேன். போதுமா?

வண்டி சிக்னல்ல நின்னுடுச்சே... தலை சுத்துது. கட்டிங்காரரே, மேனேஜர்கிட்ட என்ன வேணா சொல்லிக்குங்க. நான் வாயை மூடிக்கறேன். நீங்க கையை மட்டும் எடுத்துடாதீங்க.